உயிரோடிருந்த ஆல்வின் ஹவெல்காவின் கோப்பு

டெக்கர் கவுண்டி என்ற கிராமப்புற மாவட்டத்தின் நீதிமன்றத்தில் வேலைக்குச் சேருவதற்கு முன் வெர்லா ஸ்டூமர் கோழிப்பண்ணை ஒன்றில் முட்டை பார்த்துக்கொண்டிருந்தார். முட்டையை விளக்குக்கு நேராகப் பிடித்து, உள்ளே ரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் வைக்கிற வேலை. பண்ணை மூடியதும் நீதிமன்றத்துக்கு மனுப் போட்டார். அப்போது இருந்த பழைய எழுத்தர் அவரிடம் கலைந்து கிடந்த கோப்புகள் நிறைந்த ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது கோப்புகள் எண்வரிசைப்படி இருந்தன. பெட்டியின் அடியில் இருந்த தூசியும் துடைக்கப்பட்டிருந்தது. வேறு கேள்வி எதுவும் கேட்காமல் வேலையைக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வெர்லாவின் காலமெல்லாம் நீதிமன்றத்தின் தரைக்கீழ் அறையில்தான் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் கொதிகலன் உறுமும். இந்தப் பக்கம் செத்தவர்கள் இருந்தார்கள். கவுண்டி உண்டான நாளிலிருந்து அங்கே செத்தவர்களின் உயில்கள், சொத்துப் பட்டியல்கள், வாரிசுகளின் சண்டைகள் எல்லாம் அந்த அலமாரிகளில் அடுக்கியிருந்தன. பழையவை மூன்றாக மடித்து நாடா கட்டித் தகர இழுப்பறைகளில் இருந்தன, புதியவை அட்டைக் கோப்புகளில். கோடையில் கலிபோர்னியாவிலிருந்து செருப்புப் போட்டுக்கொண்டு வரும் ஆட்கள் கொள்ளுத்தாத்தாவைத் தேடுவார்கள். மழைக்காலத்தில் உள்ளூர்க்காரர்கள் வேலி எங்கே போகவேண்டும் என்று தேடுவார்கள். யார் கேட்டாலும் வெர்லா எடுத்துக் கொடுப்பார். ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார். பார்த்து முடித்ததும் தானே கொண்டுபோய் அதன் இடத்தில் வைப்பார். வேறு யாரையும் வைக்க விடமாட்டார்.

“எரிஞ்சுபோன கோப்பா இருந்தாக்கூடப் பரவாயில்ல, தேடறதை விட்டுடலாம். இடம் மாத்தி வெச்ச கோப்பு இருக்கே, அதை ஆயுசு முழுக்கத் தேடணும்” என்பார்.

செத்தவர்களின் கோப்புகளைத் தவிர, இரும்புப் பெட்டி ஒன்றும் இருந்தது. அதில் இருந்தவை உயிரோடிருப்பவர்களின் உயில்கள். வீட்டில் வைத்தால் யாராவது படித்துவிடுவார்கள் என்று பயந்தவர்கள் உயிலை உறையில் போட்டு ஒட்டி நீதிமன்றத்தில் கொடுத்துவைப்பார்கள். கொடுத்தவர் சாகும்வரை உறையைத் திறக்கக் கூடாது. செத்த செய்தி வந்ததும் திறந்து, எண் போட்டு, முத்திரை குத்திப் பதியவேண்டும். பதிந்துவிட்டால் அது ஊருக்குப் பொது. யார் வேண்டுமானாலும் கேட்டுப் படிக்கலாம்.

செத்த செய்தி வெர்லாவுக்கு வாரப் பத்திரிகையில் வரும். வியாழக்கிழமை காலை காபியோடு மரண அறிவிப்புப் பக்கத்தைப் படிப்பார். பிறகு எழுந்து இரும்புப் பெட்டியைத் திறப்பார். இத்தனை வருஷத்தில் இதில் ஒரு தப்பும் நடந்ததில்லை.

தப்பு நடந்தது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வசந்தகாலத்தில். அது புரியவேண்டுமானால் கவுண்டியின் தெற்குப் பக்கத்துக்காரர்களைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் கடல் தாண்டி வந்து குடியேறிய செக் இனத்தவர்கள். மூத்த பிள்ளைக்குத் தாத்தா பேரைத்தான் வைப்பார்கள். அண்ணன் தம்பி நாலு பேருக்கும் மூத்த பிள்ளை பிறந்தால் ஒரே பேரில் நாலு பேர். அதனால் அந்தப் பேரை யாரும் கூப்பிடுவதில்லை. ஆளுக்கொரு பட்டப்பேர் வைத்துவிடுவார்கள். ஞானஸ்நானப் பேர் ஞானஸ்நானத்தன்றும் அடக்கத்தன்றும்தான் வெளியே வரும். வெர்லா வடக்குப் பக்கத்து ஜெர்மன் குடும்பம். அங்கே பேர் என்றால் பேர்தான்.

அந்த வசந்தகாலத்தில் ஒரு வியாழக்கிழமை பத்திரிகையில், தெற்குப் பக்கத்தில் எல்லோரும் சிவப்பன் என்று கூப்பிட்ட கிழவரின் படம் வந்திருந்தது. ஒருகாலத்தில் சிவப்பு முடி. வெர்லாவுக்கு அவரைத் தெரிந்த நாளிலிருந்தே அது வெள்ளை. படத்தின் கீழே ‘ஆல்வின் ஜோசப் ஹவெல்கா’ என்று போட்டிருந்தது. வெர்லா ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டு இரும்புப் பெட்டிக்குப் போனார். அதில் ஆல்வின் ஜோசப் ஹவெல்கா என்று ஒரே ஒரு உறைதான் இருந்தது. திறந்தார். எண் போட்டார். முத்திரை குத்தினார். தாழ்வாரப் பலகையில் தொங்கும் பட்டியலில் பேரைச் சேர்த்தார். பதிவதற்காகப் படித்தும் பார்த்தார்.

உயில் அரைப் பக்கம். ஓடைக்கரை நிலமும் வீடும் தம்பி மகன் டாரினின் மனைவி ஜனெலுக்கு. அவ்வளவுதான். சிவப்பனுக்கு டென்வரில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் பேர் எங்கேயும் இல்லை. சிவப்பனுக்குத் தம்பி இருந்ததாகவும் வெர்லாவுக்கு நினைவில்லை. ஆனால் உயில்களில் அவர் என்னென்னவோ பார்த்திருக்கிறார். ஒருவர் தன் பன்றிக்கு எழுதிவைத்திருந்தார். அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்துக்கொண்டு அலமாரியில் வைத்தார்.

சனிக்கிழமை அடக்கம். முடிந்ததும் தேவாலயக் கூடத்தில் சாப்பாடு. பன்றியிறைச்சி சாண்ட்விச், உருளைக்கிழங்கு சாலட், கசகசா வைத்த கோலாச்சி என்கிற இனிப்பு ரொட்டி. டென்வர் பிள்ளைகள் இரண்டு பேரும் வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்தார்கள். வெர்லா அவர்கள் கையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தட்டோடு போய் உட்கார்ந்தார். எதிரே, ஊர் பொடியன் என்று கூப்பிடும் கிழவர் வந்து உட்கார்ந்தார்.

பொடியனுக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். கதவில் நுழையும்போது தலையைக் குனிந்துதான் நுழைவார். மடக்கு நாற்காலி அவருக்குக் கீழே முனகியது.

“சாமியார் இன்னிக்கு என்னை ஒருவழி பண்ணிட்டாரு” என்றார் பொடியன். “பூசை முழுக்க என் பேரைச் சொல்லிச் சொல்லி மண்ணுக்குள்ள அனுப்பினாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

“உங்க பேரையா?”

“ஆமா. நானும் ஆல்வின் ஜோசப்தான். எனக்கும் சிவப்பனுக்கும் ஒரே தாத்தா. உனக்குத் தெரியாதா?”

வெர்லா கோலாச்சியைத் தட்டில் வைத்தார்.

“நீங்க கோர்ட்டுல உயில் கொடுத்து வெச்சிருக்கீங்களா?”

“சாப்பிடற நேரத்துல கேக்கற கேள்வியா இது? வெச்சிருக்கேன். உனக்கு முன்னாடி இருந்தவர்கிட்ட குடுத்தேன். ஏன்?”

“அதைத் திறந்துட்டேன்.”

பொடியன் மெல்லுவதை நிறுத்தினார்.

“நான் இன்னும் சாகலியே.”

“தெரியுது.”

“படிச்சியா?”

“படிக்காமப் பதிய முடியாது.”

“அப்ப உனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“எனக்குத் தெரியும். வேற யாரும் இதுவரைக்கும் பாக்கல. ஆனா பதிஞ்சாச்சு. இனிமே அதை மூடணும்னா நீதிபதி உத்தரவு போடணும். அவரு செவ்வாய்க்கிழமைதான் வருவாரு. அதுவரைக்கும் யார் வந்து கேட்டாலும் நான் எடுத்துக் குடுத்தாகணும்.”

பொடியன் கூடத்தின் மறுபக்கத்தைப் பார்த்தார். அங்கே டாரின் காலி நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தான். பொடியனின் தம்பி மகன். பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து ஓடைக்கரை நிலத்தில் உழுவதும் விதைப்பதும் அவன்தான். பெரியப்பாவுக்குப் பிறகு அந்த நிலம் தனக்குத்தான் என்று அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையே இல்லை என்று நினைத்திருந்தான். ஊரும் அப்படித்தான் நினைத்திருந்தது.

“அவன் கேட்டான்னா?” என்றார் பொடியன்.

“அவனுக்கும் குடுத்தாகணும். நீங்களே போய்ச் சொல்லிடலாமே?”

“நேர்ல சொல்ற ஆளா இருந்தா நான் எதுக்கு உயில் எழுதறேன்? நான் செத்தப்புறம் தெரியட்டும்னுதானே எழுதி ஒட்டிக் குடுத்தேன்? அப்ப அவன் என்ன திட்டினாலும் எனக்குக் கேக்காதுல்ல.”

இரும்புப் பெட்டியில் இருந்த எல்லா உறைகளுக்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று வெர்லாவுக்குத் தோன்றியது.

“திங்கள் ஒரு நாள்தானே” என்றார் பொடியன், குரலைத் தணித்து. “கீழ அவ்வளவு பெரிய அறை வெச்சிருக்கே. எங்கயாவது சொருகி வை. கேட்டா காணோம்னு சொல்லு.”

“நான் சொருகறதில்ல.”

“எல்லாரும் ஒரு தடவையாவது எதையாவது தொலைப்பாங்க வெர்லா. நீ இன்னும் ஒண்ணும் தொலைக்கல, உன் பங்குக்கு ஒரு தடவை பாக்கி இருக்கு.”

திங்கட்கிழமை காலை வெர்லா சீக்கிரமே வந்துவிட்டார். கோப்பை எடுத்துக்கொண்டு அறையின் கோடியில், முப்பதுகளின் பஞ்சகாலத்தில் செத்தவர்களின் அலமாரிக்குப் போனார். அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. அந்த வருஷங்களில் செத்தவர்களுக்குச் சொத்தும் இல்லை, சண்டைக்கு ஆளும் இல்லை. இரண்டு கோப்புகளை விலக்கிப் பொடியனின் கோப்பை நடுவில் வைத்தார். பார்த்தார். புது அட்டை, பழைய அட்டைகளுக்கு நடுவில் வெள்ளையாகத் தெரிந்தது. இன்னும் உள்ளே தள்ளினார். இப்போது தெரியவில்லை.

தவறு தன்னுடையது. பொடியன் ஒரு பாவமும் அறியாதவர். ஒரு நாள் மட்டும் இந்தக் கோப்பு இங்கே இருந்தால் அவருடைய ரகசியம் தப்பிக்கும். இதையெல்லாம் வெர்லா வரிசையாக யோசித்தார். பிறகு, யாராவது வந்து கேட்டால் சொல்லவேண்டிய ‘காணோம்’ என்பதை ஒத்திகை பார்க்க அந்த ஆளில்லாத அறையில் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. இன்னொரு தடவை முயன்றார். கொதிகலன்தான் உறுமியது. கோப்பை வெளியே எடுத்து, தூசி தட்டி, அதன் எண்ணுக்குரிய இடத்தில் வைத்துவிட்டு, போய்க் கவுண்டரைத் திறந்தார்.

டாரின் பத்து மணி சுமாருக்கு வந்தான். மாடியில் வண்டிக்கு வரி கட்ட வந்தவன், தாழ்வாரப் பலகையைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கியிருந்தான்.

“வெர்லா, சிவப்பனோட உயிலைக் கொஞ்சம் பாக்கணும். அவரோட மேய்ச்சல் நிலத்தை நான்தான் குத்தகைக்கு வெச்சிருக்கேன். அது யார் கைக்குப் போகுதுன்னு தெரிஞ்சா மாட்டை அங்க விடலாமா வேணாமான்னு முடிவு பண்ணலாம்.”

“சிவப்பன் இங்க உயில் எதுவும் வைக்கல.”

“பலகையில பேர் இருக்கே?”

“இருக்கு. அது சிவப்பன் இல்ல.” வெர்லா இரண்டு கைகளையும் கவுண்டர்மேல் வைத்துக்கொண்டார். “டாரின், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். உயிரோட இருக்கற ஒருத்தரோட உயிலைத் திறந்து பதிஞ்சுட்டேன். நாளைக்கு நீதிபதி வந்து அதை மூடிடுவாரு. ஆனா இன்னிக்கு அது திறந்துதான் இருக்கு. யார் கேட்டாலும் குடுக்கணும். நீ கேட்டா உனக்கும் குடுப்பேன். கேக்கறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கோ.”

டாரின் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“எங்க பெரியப்பா பேரும் ஆல்வின் ஜோசப்தான்.”

“சனிக்கிழமைதான் எனக்குத் தெரிஞ்சுது.”

“அதுல… நல்லவிதமா இருக்கா?”

“அதை நான் சொல்லக் கூடாது. எடுத்துக் குடுக்கலாம், எடுத்துச் சொல்லக் கூடாது.”

“நீங்களா இருந்தா கேப்பீங்களா?”

இதுவரை கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற யாரும் வெர்லாவிடம் இப்படி ஒன்று கேட்டதில்லை.

“நான் கேப்பேன்” என்றார். “ஆனா நான் மத்தவங்க உயிலைப் படிச்சே சம்பளம் வாங்கறவ. என்னை வெச்சு முடிவு பண்ணாதே.”

டாரின் கதவைப் பார்த்தான். கதவு திறந்துதான் இருந்தது. போயிருக்கலாம்.

“குடுங்க” என்றான்.

வெர்லா கோப்பை எடுத்து வந்தார். அவன் கோப்பு வாங்கியதற்கான சீட்டில் கையெழுத்துப் போட்டான். நின்றபடியே படித்தான். அரைப் பக்கம்தான். ஆனாலும் வெகுநேரம் படித்தான். பிறகு சுவரின் உச்சியில் இருந்த சின்னச் சன்னலின் கீழே போய் வெளிச்சத்தில் மறுபடி படித்தான். வெளிச்சத்திலும் அதேதான் இருந்தது. வெர்லா தட்டச்சுப் பொறிக்கு உறை போட்டார், பிறகு எடுத்தார்.

“ஜனெல் பேரைச் சரியா எழுதியிருக்காரு” என்று சொல்லிக் கோப்பைத் திருப்பிக் கொடுத்தான். “எங்க கல்யாணக் கேக்குலயே தப்பாத்தான் எழுதியிருந்தாங்க.”

தொப்பியைப் போட்டுக்கொண்டு படியேறிப் போனான். வரி கட்டவில்லை என்று மாடியில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

வெர்லா பொடியனுக்குத் தொலைபேசி செய்தார்.

“டாரின் வந்தான். கேட்டான். குடுத்தேன்.”

“நீ சொருகலியா?”

“சொருகினேன். அப்புறம் எடுத்துட்டேன்.”

“எடுத்ததுதான் தப்பு” என்று சொல்லிப் பொடியன் வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை நீதிபதி பிளேக்லி வந்தார். நாலு கவுண்டிகளைக் காரிலேயே சுற்றி வருகிறவர். அவசரப்படமாட்டார். பொடியன் அடக்கத்துக்குப் போட்ட அதே கோட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து டாரினும் ஜனெலும் வந்து நடைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். பொடியன் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. ஜனெல் தானியக் கிடங்கில் எடைமேடையில் வேலை பார்ப்பவள். வேலை நேரத்தில் வந்திருந்ததால் சட்டையில் சோளத் தூசி இருந்தது.

நீதிபதி காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“நீங்கதான் காலமானவரா?”

“ஆமாங்க ஐயா” என்றார் பொடியன்.

“உடம்பு எப்படி இருக்கு?”

“முட்டிதான் வலிக்குது.”

வெர்லா எழுந்து நடந்ததைச் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. பிறந்த தேதியைச் சரிபார்க்காமல் திறந்தது தன் தப்பு என்றார். பழைய எழுத்தர் உறையில் பிறந்த தேதி எழுதாமல் விட்டதைச் சொல்லவில்லை. அவர் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அவருடைய கோப்பும் கீழேதான் இருந்தது.

“திறந்திருந்தப்ப யாராவது பாத்தாங்களா?”

“ஒருத்தர். டாரின் ஹவெல்கா. நேத்து. கையெழுத்து இருக்கு.”

நீதிபதி டாரினைப் பார்த்தார். “உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?”

டாரின் எழுந்தான். அவன் கழுத்து சிவந்திருந்தது. “எனக்கு ஒண்ணும் இல்லைங்க. என் பொண்டாட்டிக்குத்தான் இருக்காம்” என்று சொல்லி உட்கார்ந்தான்.

ஜனெல் எழுந்தாள். நீதிபதியிடம் பேசவில்லை. நேராகப் பொடியனைப் பார்த்தாள்.

“மாமா, ஓடைமேல இருக்கற சின்னப் பாலம் ஒரு பக்கமா இறங்கிக்கிட்டு இருக்கு. அடியில இருக்கற குழாய் துருப்பிடிச்சு ஓட்டை. டிராக்டர் போனா ஆடுது. அந்த நிலம் என்கிட்ட வரப்போகுதுன்னா பாலமும் நல்லபடியா வரணும். நீங்க இருக்கறப்பவே புதுசா போட்டுக் குடுத்துடுங்க. அப்புறம்னா அது என் தலையில விழும்.”

“இந்தப் பாலம் வழக்கா என் முன்னாடி வரலியே” என்றார் நீதிபதி. ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

பொடியன் அப்போதுதான் திரும்பி டாரினைப் பார்த்தார்.

“தினமும் நீதானே அந்தப் பாலத்து மேல போய்ட்டு வர்றே? ஆடுதுன்னு என்கிட்ட ஒரு நாளாவது சொன்னியா?”

“ஆடுதுன்னு தெரியும் பெரியப்பா” என்றான் டாரின். “அதான் மெதுவாப் போவேன்.”

பொடியன் நீதிபதி பக்கம் திரும்பினார். “ஐயா, இதான் காரணம்.”

“உயில்ல காரணம் ஒண்ணும் எழுதலியே.”

“எழுத வேணாம்னு வக்கீல் சொன்னாரு. எழுதினா சண்டை வருமாம்.”

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவைக்கு மேலேயே துடைத்தார். பிறகு உயிலை மறுபடி உறையிலிட்டு மூடவும் பட்டியலிலிருந்து பேரை எடுக்கவும் உத்தரவு போட்டார். கையெழுத்தானதும் அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். அது நாய் பற்றியது.

வெளியே தாழ்வாரத்தில் டாரின் தன் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான். பொடியன் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு பேரும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கோவமா?” என்றார் பொடியன்.

“நேத்து இருந்துச்சு. ராத்திரி ஜனெல்கிட்ட சொன்னேன். அவ எனக்காக வருத்தப்படுவான்னு நெனச்சேன். பாலத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டா.” தொப்பியை மறுபக்கமாகச் சுற்றினான். “இன்னும் கொஞ்சம் இருக்கு.”

“இருக்கட்டும்.”

“பாலம் போடறப்ப நான்தானே தோண்டணும்?”

“பின்ன வேற யாரு தோண்டுவா?” என்றாள் ஜனெல், கார் சாவியை எடுத்தபடி.

வெர்லா பலகையிலிருந்து பேரை எடுத்தார். பிறகு பொடியனைக் கவுண்டருக்குக் கூப்பிட்டுப் புது உறையில் உயிலை வைத்து, அவர் கண்முன்னாலேயே ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்தினார். உறைமேல் பேரை எழுதினார். பிறந்த தேதியைக் கேட்டு எழுதினார். அதன்கீழே ‘பொடியன்’ என்றும் எழுதினார்.

பொடியன் உறையைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இனிமே இதை யாரும் பாக்க முடியாதுல்ல?”

“முடியாது. நீங்க செத்தப்புறம்தான்.”

“பாக்க வேண்டியவங்க எல்லாரும்தான் பாத்தாச்சே. இதை மூடி வெச்சு என்ன ஆகப்போகுது?”

“பாத்திருந்தாலும் மூடித்தான் வெக்கணும்” என்று சொல்லி வெர்லா உறையை வாங்கிக்கொண்டு இரும்புப் பெட்டிக்குப் போனார்.